பிரேக்காரன் நிற்க ஓர் இடம்

1

நான் மலாயாவுக்கு வந்து ஒரு மாமாங்கம் கடந்துவிட்டது. பேராக்கில் ஓர் ஈயச் சுரங்கத்துப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. கோபம் மட்டும் கொஞ்ச நாளாகத் தணிய மாட்டேன் என்கிறது. அது எதனால் என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்கிறேன்.

ஊருக்கு இன்னொரு முறை போய்வர வேண்டும் என்று பாஸ்போர்ட்டுக்காக ஈப்போவில் ஓர் ஆபீசுக்குப் போயிருந்தேன். கூட என் மகள் மரகதம். கைக்குழந்தையாக இங்கே வந்தவள், இப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். என் இங்கிலீஷ் பட்டறைக்குள் செல்லும், ஆபீசில் செல்லாது. அதனால் அவளைக் கூட்டிப் போவேன். காலையில் போய் உட்கார்ந்த எங்களை மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். சொந்த ஊர் விலாசம் கேட்டார். எங்க வூடு பாலக்கோட்டுப் பக்கம் என்று நான் ஆரம்பித்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரகதம் தலையைக் குனிந்துகொண்டு, வீடு என்று சொல்லுங்கள் அப்பா என்று முணுமுணுத்தாள்.

கிட்டத்து ரயில் ஸ்டேஷன் எது என்று அடுத்த கேள்வி. பாலக்கோடு என்றேன். அவர் இந்திய ரயில் அட்டவணைப் புத்தகத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார்.

"அப்பிடியொரு ஸ்டேஷன் இல்லை. பிழையாச் சொல்லுறியள்."

இருந்தது, சண்டைக் காலத்தில் பிடுங்கிவிட்டார்கள் என்றேன்.

"இருந்ததை எழுத இதில இடமில்லை," என்று சொல்லி, பாலக்கோட்டை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மொரப்பூர் என்று எழுதினார்.

மொரப்பூர் எங்கள் ஊரிலிருந்து முப்பது மைலுக்கு மேல். அதை அவரிடம் சத்தமாகச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மரகதம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். இரண்டும் 'சாமா சாஜா'தானே, இதற்கு எதற்குச் சண்டை என்று கேட்டாள். மலாய்ப் பேச்சில் அதற்கு எல்லாம் ஒன்றுதான் என்று அர்த்தம். அவளுக்கு ஒன்றுதான். அந்த ரயிலில் அவள் கைக்குழந்தையாக ஏறியதோடு சரி.

2

இளையவர்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். மொரப்பூரில் பெரிய ரயிலை விட்டு இறங்கினால் எதிர்ப் பக்கத்தில் சின்ன ரயில் நிற்கும். இரண்டரை அடி அகலப் பாதை. தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை என்று ஏறி ஓசூர் போகும். புளியும் கேழ்வரகும் மாங்காயும் ஏற்றிய பெட்டிகளுக்கு நடுவே ஜனங்களும் உட்கார்ந்து போவார்கள். நடந்து போகிறவன் அதை முந்திவிடுவான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. அரூர்ச் சந்தைக்கும் கடத்தூர்ச் சந்தைக்கும் மாட்டு வண்டியில் இடுப்பு ஒடியப் போய்வந்தவனைக் கேட்டால் தெரியும், அது மெதுவாகப் போனதா வேகமாகப் போனதா என்று.

என் தம்பி சின்னசாமி அதில் பிரேக்காரன். ராயக்கோட்டைப் பக்கம் ஏற்றமும் இறக்கமும் அதிகம். இறங்கும்போது எஞ்சின் மட்டும் பிடித்தால் வண்டி நிற்காது. கூட்ஸ் பெட்டிகளின் கடைசியில் ஒரு முழ அகலத்தில் ஒரு படி இருக்கும். அதில் நின்றுகொண்டு சக்கரம் போன்ற பிடியைச் சுற்றிப் பிரேக்கை இறுக்க வேண்டும். தலைக்கு மேல் கூரை இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் அந்த இரும்பு விளிம்பு பாசி பிடித்த படிக்கட்டுப் போல வழுக்கும்.

மேற்பார்வைக்கு வந்த ஒரு பெரிய அதிகாரியிடம் தம்பியும் இன்னும் சிலரும் போய்க் கேட்டார்கள். கூரைகூட வேண்டாம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போதும் என்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு, பெட்டியின் வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லையே என்றாராம். அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஐப்பசி மழையில் சின்னசாமி விழுந்தான். பெட்டி மேலே ஏறவில்லை, அது அவன் பாக்கியம். தோள்பட்டை எலும்பு உடைந்தது. தர்மபுரியில் கட்டுப் போட்டார்கள், ஒகேனக்கல் பக்கத்து வைத்தியர் ஒருவரும் கட்டிப் பார்த்தார். கை தோளுக்கு மேல் எழும்பாமல் நின்றுவிட்டது. ஆறியதும் அதே படியில் அதே வேலைக்குப் போனான். தர்மபுரி அரிசி மில் பட்டறையில் இரும்பு கடைகிற லேத் வேலை கற்றிருந்த எனக்கு அப்போதே தெரியும், இரண்டு ஆங்கிள் இரும்புத் துண்டும் ஒரு கம்பியும் இருந்தால் அரைநாளில் முடிகிற வேலை அது என்று. யாரிடம் போய்ச் சொல்வது? நான் மலாயாவுக்குக் கப்பல் ஏறினேன்.

வழியனுப்ப மொரப்பூர் வரைக்கும் வந்த சின்னசாமி சொன்னான்: "அண்ணா, நீ போற ஊர்ல நல்ல பட்டறை இருக்குமாம். எங்க பெட்டி மாதிரியே சின்னதா ஒண்ணு செஞ்சிப் பாரு. கம்பி வச்சா ஓடுமா ஓடாதான்னு தெரிஞ்சிக்கலாம். ஓடும்னு காட்டினா அவுங்களால மறுக்க முடியாது இல்ல."

அவன் அப்படித்தான். காட்டினால் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறவன்.

3

ஜப்பான்காரன் இங்கே வந்த பிறகுதான் அதைச் செய்ய நேரம் கிடைத்தது. சுரங்கம் பாதி மூடிக் கிடந்தது. கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான். லேத் தெரிந்தவன் என்பதால் என்னைப் பட்டறையில் விட்டுவைத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களைச் சயாமில் ரயில் போட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்.

அந்த நாட்களில் தகரத்தை வெட்டி முதல் பெட்டியைச் செய்தேன். நிஜப் பெட்டியின் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். உடைந்த பித்தளைக் குழாய்களிலிருந்து சக்கரம் கடைந்தேன். பலகை மேல் பித்தளைப் பட்டையால் வளையப் பாதை போட்டு உருட்டினால், வளைவில் ஒரு சக்கரம் மேலே தூக்கிக்கொண்டு பெட்டி கவிழ்ந்தது. எடை போதவில்லை. பெட்டியின் அடியில் ஈயத்தகடு வைத்தேன். அப்போதும் சில இடங்களில் தடம் புரண்டது. நாலு சக்கரமும் விறைப்பாக ஒரே சட்டத்தில் நின்றதுதான் காரணம். ஓர் அச்சை மட்டும் நடுவில் ஓர் ஆணியின் மேல் ஊசலாடும்படி மாற்றினேன். பாதை மேடுபள்ளமாக இருந்தாலும் நாலு சக்கரமும் பட்டையைத் தொட்டன. பெட்டி ஓடியது.

பிறகு சின்னசாமி கேட்டதைச் செய்தேன். சட்டத்தைக் கடைசியில் கொஞ்சம் நீட்டி, மேலே கூரை, மூன்று பக்கமும் தகரம், உள்ளே நின்று சுற்றும்படி பிரேக் பிடி, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. நீட்டியதால் பின்பாரம் அதிகமாகி முன்சக்கரம் தூக்கியது. அச்சைப் பின்னால் தள்ளி வைத்தேன், ஈயத்தை முன்னால் நகர்த்தினேன். சரியாகிவிட்டது. வேண்டாம் என்று சொன்னவர்கள் ஒரு தடவையாவது செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கம்பியைப் பற்றவைக்கும்போதும் அந்த அதிகாரியை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் பற்றவைத்தேன். ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறாகி, ஒரு ரயிலே சேர்ந்துவிட்டது.

4

சண்டை முடிந்து கப்பல் போக ஆரம்பித்ததும் தகரப் பெட்டிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போனேன். மொரப்பூரில் இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல எதிர்ப் பக்கம் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. பிளாட்பாரம் இருந்தது. அதன் கீழே எருக்கஞ்செடி முளைத்திருந்தது. தண்டவாளக் கட்டைகள் கிடந்த தடம் ஏணியைப் படுக்கப் போட்டதுபோல மண்ணில் தெரிந்தது.

ஒரு போர்ட்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அது போயி எவ்வளவோ காலம் ஆச்சுங்க. கழட்டிக் கப்பல்ல ஏத்திட்டாங்க. சண்டைக்காக அரபு நாட்டுப் பக்கம் பஸ்ராவுக்குன்னு சொல்லிக்கிட்டாங்க. நீங்க இத்தனை நாளு எங்க இருந்தீங்க?"

மலாயாவில் ஜப்பான்காரன் சயாமுக்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்து அவனைச் சபித்தவன் நான். அதே சண்டையில் மறுபக்கத்து வெள்ளைக்காரன் என் ஊர்த் தண்டவாளத்தைப் பிடுங்கியிருக்கிறான். இரண்டு பேருக்கும் அடுத்தவன் ஊர் இரும்புதான் வேண்டியிருந்தது.

கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் தர்மபுரி போய், அங்கிருந்து வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்து ஊர் சேர்ந்தேன். தம்பி மனைவி முனியம்மா வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அழவில்லை. அவள் அழுது முடித்துவிட்டிருந்தாள், எனக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

அவளே சொன்னாள். சின்னசாமி வேலை பார்த்த பாதையைக் கழற்றுகிற கூட்டத்திலேயே அவனைச் சேர்த்திருக்கிறார்கள். கழற்றி முடித்ததும், இந்தச் சின்னப் பாதை வேலை தெரிந்தவர்கள் தண்டவாளத்தோடு கூட வந்தால் நல்லது என்று பட்டாளத்துக்காரர்கள் ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள். வேலை போனவன் வேறு என்ன செய்வான், போனான். அங்கே எங்கேயோ காய்ச்சலில் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. எந்த இடம் என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை.

கை தூக்க முடியாதவனை எப்படிப் பட்டாளத்தில் எடுத்தார்கள் என்று கத்தினேன். அவள்மேல் கத்தி என்ன பிரயோஜனம்? ஆனாலும் கத்தினேன்.

"சண்டைக்கு எடுக்கலீங்க மாமா," என்றாள் அவள். "தண்டவாளத்துக்குத்தான் எடுத்தாங்க. இரும்பு தூக்க ஒரு கையி போதும்னாங்களாம்."

துணியை அவிழ்த்துப் பெட்டிகளைக் காட்டினேன். கடைசிப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கம்பியைத் தொட்டாள்.

"இதுக்குள்ளாற நின்னுக்கிட்டே பிரேக்கு புடிக்கலாமா?"

பிடிக்கலாம் என்றேன்.

"மழ படாது?"

படாது என்றேன்.

பெட்டியைத் திரும்ப என் கையில் கொடுத்து, எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவள் பிள்ளைகள் கேட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. வீட்டில் வைத்தால் தினமும் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள்.

5

திரும்பி வந்தபின் அவற்றைப் பரண்மேல் போட்டிருந்தேன். பாஸ்போர்ட் ஆபீசில் சண்டை போட்டு வந்த வாரம்தான் இறக்கினேன். ஸ்டேஷன் இல்லை என்றவனுக்குப் பதில் சொல்ல வேறு எது என்னிடம் இருந்தது? கொக்கிகளை மாற்றினேன், தேய்ந்த சக்கரங்களைப் புதிதாகக் கடைந்தேன், பெட்டிகளின் பக்கத்தில் ஊர்ப் பேர்களைத் தமிழில் எழுதினேன்.

சுரங்கத்து மானேஜர் துரை அதைப் பட்டறையில் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரி உதவிக்காகக் கிளப்பில் கைவேலைக் கண்காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். என் ரயிலையும் கொண்டுவரச் சொன்னார். மரகதத்தையும் அழைத்துப்போனேன். பள்ளிக்கூடத்துத் தோழிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவள் ஒதுங்கியே நின்றாள்.

பரிசு கொடுக்கிறவர் ஒரு கிழத்துரை. இந்தியாவில் பல பாதைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இஞ்ஜினீயர். என் மேஜைக்கு வந்ததும் குனிந்தார். இது ஓசூர்ப் பாதை அல்லவா என்று கேட்டார். மலாயாவில் ஒருவர்கூட இதுவரை அதை அடையாளம் கண்டதில்லை. எனக்கு ஒரு நிமிஷம் அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. ஊசலாடும் அச்சை விரலால் அழுத்திப் பார்த்து, எங்கே கற்றாய் என்று விசாரித்தார். பிறகு பிரேக்காரன் நிற்க நான் செய்த கூண்டைக் கண்டார். தலையை ஆட்டினார். மரகதம் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்: அந்தப் பெட்டிகளில் இது கிடையாதாம், வரைபடம் அவருக்குத் தெரியுமாம், மாதிரி என்றால் இருந்ததுபோல இருக்க வேண்டுமாம். இதை மட்டும் எடுத்துவிட்டால் முதல் பரிசு எனக்குத்தானாம். மானேஜர் துரை சிரித்த முகமாக என் தோளைத் தட்டினார்.

மரகதத்தின் பக்கம் திரும்பினேன். "அது இல்லாமத்தான் உங்க சித்தப்பா கீழ விழுந்தான்னு சொல்லு. இருந்த மாதிரி செய்யறதுக்கு நான் இத செய்யல. இருந்திருக்க வேண்டிய மாதிரி செஞ்சிருக்கேன்னு சொல்லு."

அவள் இரண்டு வார்த்தை சொன்னாள். அதில் 'சாரி' என்பது எனக்குப் புரிந்தது.

நான் சாரி சொல்லவில்லை, சொன்னதைச் சொல் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். கிழவரின் முகம் மாறியது. அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பொறுமையாக ஏதோ விளக்கினார். அதை மரகதம் எனக்குத் தமிழில் சொல்லாமல் நின்றாள். வற்புறுத்திக் கேட்டதும் சொன்னாள்: அந்தப் பாதை நஷ்டத்தில் ஓடியதாம், அதைப் பிடுங்கியதில் யாருக்கும் இழப்பில்லையாம்.

நான் வாய் திறப்பதற்கு முன் அவளே அவரிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்காதது. சத்தம் உயரவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானேஜர் துரை போதும் என்று கையைக் காட்டினார். முடித்த பிறகுதான் நிறுத்தினாள். கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். என் ரயிலைக் குழந்தைகள் பொம்மைகளோடு கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். நாங்கள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

என்ன சொன்னாய் என்று வழியில் கேட்டேன்.

"எங்க சித்தப்பா அந்தத் தண்டவாளத்தோடதான் போனாரு. எத்தனை தண்டவாளம் போச்சுன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கும், அவரு எங்க செத்தாருன்னு கணக்கு இருக்கான்னு கேட்டேன்."

நான் ஊரிலிருந்து வந்து அவள் அம்மாவிடம் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

6

எங்கள் சுரங்கத்திலும் சின்னப் பாதைதான். மண் பெட்டிகள் மேட்டிலிருந்து சரிவில் இறங்கும். பின்னால் ஒரு படி, அதில் ஒருவன் நின்று பிரேக் பிடிப்பான். கம்பி கிடையாது. ஊரை விட்டு வந்த நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். துரையிடம் சொல்லியும் இருக்கிறேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.

கண்காட்சி முடிந்த வாரத்தில் ஒரு மழை. காளியப்பன் என்கிறவன் படியிலிருந்து வழுக்கி, பிரேக் பிடியைக் கட்டிக்கொண்டு இழுபட்டு வந்தான். முழங்கால் தோல் மட்டும் போனது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் படியில் ஏறினான். அவன் ஏறியதுதான் எனக்குத் தாங்கவில்லை. இறங்குடா என்று சொல்லி அந்தப் பெட்டியைப் பட்டறைக்கு உருட்டி வரச் செய்தேன். யாரையும் கேட்கவில்லை. ஆங்கிளை வெட்டினேன், கம்பியை வளைத்தேன், தகரத்தைக் கூரையாக அடித்தேன். தகரத்தில் ஆறு பெட்டி செய்தவனுக்கு இரும்பில் செய்வது கஷ்டமில்லை. சாயங்காலத்துக்குள் முடிந்தது.

துரை வந்து சுற்றிப் பார்த்தார். எந்த வரைபடத்தைப் பார்த்துச் செய்தாய் என்று கேட்டார். வரைபடம் இல்லை என்றேன். உத்தரவு யார் கொடுத்தது என்றார். யாரும் இல்லை என்றேன். உடனே கழற்று, கழற்றாவிட்டால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றார். மரகதம் பக்கத்தில் இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: நீங்களே கழற்றிக்கொள்ளுங்கள், சார்.

அவர் கழற்றவில்லை, போய்விட்டார்.

வேலை போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். மனைவி அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். காலையில் என் சொந்தக் கருவிகளை எடுத்துவரப் பட்டறைக்குப் போனேன். சரிவில் ஒரு பெட்டியும் ஓடவில்லை. காளியப்பனும் மற்றப் பிரேக்காரர்களும், சீனர்களும் நம்மவர்களுமாக, தங்கள் பெட்டிகளை வரிசையாக உருட்டிவந்து பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்றவன் கம்பி இல்லாத தன் படியைக் கையால் தட்டிக் காட்டினான். கம்யூனிஸ்டு வேட்டை நடக்கிற இந்தக் காலத்தில் கூலிக்காரர்கள் நாலு பேர் கூடி நின்றாலே போலீஸ் வந்துவிடும். அது தெரிந்தும் நின்றார்கள்.

துரை மேலே பங்களா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வரவில்லை. போலீசைக் கூப்பிடப் போகிறாரா, சும்மா இருக்கப் போகிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை.

நான் உலையை மூட்டி, முதல் கம்பியை அளந்து வெட்டினேன்.